ஹெஸ் விதியைக் கொண்டு உருவாதல் என்தால்பி காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன் வேதியியலில் வெப்ப இயக்கவியல் பாடம் தொடங்கியதும் வரும் கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சமன்பாடுகளில் குறியீடுகளுக்குப் பதிலாகப் பொருள்களின் பெயரையே போட்டிருக்கிறேன். ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் என்று வந்தால் ஈரணு மூலக்கூறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் எண் மோல்களின் எண்ணிக்கை. கி.ஜூ. என்றால் கிலோஜூல். என்தால்பி மாற்றம் என்பது மாறா அழுத்தத்தில் வினை வெளிவிடும் அல்லது உட்கொள்ளும் வெப்பம்; வெளிவிட்டால் கழித்தல் குறி, உட்கொண்டால் கூட்டல் குறி. ஒரு வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே என்பதுதான் ஹெஸ் விதி.

‘திட்ட உருவாதல் என்தால்பி’ என்பதன் வரையறையை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் கணக்கில் தப்பு வருகிறது. ஏன்?

வரையறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ஒரு சேர்மத்தின் ஒரு மோல், அதன் தனிமங்களிலிருந்து, எல்லாமே திட்ட நிலையில் இருக்கும்போது உருவானால் ஏற்படும் என்தால்பி மாற்றம். இதில் எந்தச் சொல்லை விட்டாலும் விடை மாறும்.

‘ஒரு மோல்’ என்பதைப் பாருங்கள். நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா என்ற வினைக்கு −92.2 கி.ஜூ. இது அம்மோனியாவின் உருவாதல் என்தால்பி அல்ல. அதில் பாதி, −46.1 தான் உருவாதல் என்தால்பி.

‘தனிமங்களிலிருந்து’ என்பதைப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகும்போது −178.3 கி.ஜூ. சேர்மம் ஒரு மோல் உருவாகிறதுதான். ஆனால் தொடங்கியது இரண்டு சேர்மங்களில். கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என்று தனிமங்களிலிருந்து தொடங்கினால் வரும் மதிப்பு −1206.9. எத்தனை பெரிய வித்தியாசம்!

‘திட்ட நிலை’ என்றால் 1 பார் அழுத்தம், எடுத்துக்கொண்ட வெப்பநிலையில் தூய பொருள். வெப்பநிலை வரையறையில் இல்லை, அட்டவணைகளை 298.15 கெல்வினில் போடுவது வழக்கம், அவ்வளவே. 1982 வரை 1 வளிமண்டல அழுத்தமே திட்டமாக இருந்தது. பழைய புத்தகத்துக்கும் புதியதற்கும் கடைசி இலக்கத்தில் சிறு வேறுபாடு தெரிந்தால் பதற வேண்டாம்.

அரை மூலக்கூறு ஆக்சிஜன் என்று ஒன்று உண்டா? சமன்பாட்டில் ½ போடச் சொல்கிறார்களே.

அது மோல் கணக்கு. அரை மோல் என்றால் 16 கிராம் ஆக்சிஜன். தாராளமாக எடுத்து நிறுக்கலாம். நீர் ஒரு மோல் வர வேண்டுமானால் ஆக்சிஜனுக்கு ½ போட்டே ஆக வேண்டும். பின்னம் பிடிக்கவில்லை என்று சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால், என்தால்பியும் இரண்டு மடங்காகிவிடும். அது உருவாதல் என்தால்பி இல்லை என்றும் ஆகிவிடும்.

தனிமங்களுக்கு மட்டும் ஏன் பூஜ்ஜியம்? அவற்றில் ஆற்றலே இல்லையா?

இருக்கிறது. பூஜ்ஜியம் என்பது நாம் வைத்துக்கொண்ட அடையாளக் கோடு. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்கிறோம், கடல் மட்டத்திலிருந்து. கடலுக்கு அடியில் பூமியே இல்லை என்று அதற்குப் பொருளா?

இந்த ஏற்பாடு ஏன் செல்லுபடியாகிறது என்பதுதான் சுவையான விஷயம். வேதிவினையில் அணுக்கள் காணாமல் போவதில்லை. இடப்பக்கம் உள்ள அதே தனிமங்கள் அதே அளவில் வலப்பக்கமும் இருக்கின்றன. ஆகவே தனிமங்களின் உண்மையான என்தால்பி எதுவாக இருந்தாலும் இரு பக்கமும் கழிந்துவிடும். கழிந்துபோகும் ஒன்றை பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் எந்த வடிவம் என்பது முக்கியம். கார்பனுக்கு கிராஃபைட் பூஜ்ஜியம், வைரம் +1.9. ஆக்சிஜன் பூஜ்ஜியம், ஓசோன் +142.7. புரோமினும் பாதரசமும் திரவமாக இருக்கும்போது பூஜ்ஜியம், அயோடின் திண்மமாக. பாஸ்பரஸ் ஒரு விதிவிலக்கு: சிவப்பு வடிவத்தைவிட நிலைப்புத் தன்மை குறைந்த வெண் பாஸ்பரஸைத்தான் அடிக்கோடாக வைத்திருக்கிறார்கள், தூய்மையாகவும் ஒரே சீராகவும் அதைத் தயாரிக்க முடிகிறது என்பதால்.

எதற்கு இத்தனை சுற்று? தனிமங்களைக் கலந்து நேரடியாக அளந்துவிட வேண்டியதுதானே?

சிலவற்றுக்கு முடியும். கிராஃபைட்டை நிறைய ஆக்சிஜனில் எரித்தால் கார்பன் டைஆக்சைடு மட்டுமே வரும்; வெளிவரும் வெப்பமே அதன் உருவாதல் என்தால்பி, −393.5.

கார்பன் மோனாக்சைடுக்கு இதே வழியில் போய்ப் பாருங்கள். ஆக்சிஜனைக் குறைத்து எரித்தால் மோனாக்சைடு, டைஆக்சைடு, எரியாத கரி என்று மூன்றும் கலந்து கிடக்கும். வந்த வெப்பத்தில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் தயாரித்து வைத்த தூய கார்பன் மோனாக்சைடை எரிப்பது சுலபம், −283.0 கி.ஜூ. கிராஃபைட் நேராக டைஆக்சைடு ஆனால் −393.5. இடையில் மோனாக்சைடாக நின்று போனாலும் மொத்தம் அதே −393.5 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆகவே முதல் படிக்கு −393.5 + 283.0 = −110.5 கி.ஜூ. அளக்கவே முடியாத வினையின் மதிப்பு கைக்கு வந்துவிட்டது.

மீத்தேனின் நிலை இன்னும் மோசம். கரித்தூளையும் ஹைட்ரஜனையும் ஒரு பாத்திரத்தில் அறை வெப்பநிலையில் மூடி வைத்துக் காத்திருந்தால், காத்திருந்ததுதான் மிச்சம்.

ஹெஸ் என்பவர் யார்? ஆற்றல் அழிவின்மை விதி தெரிந்தவர்களுக்கு இது தனி விதியா?

இன்றைக்குத் தனி விதி இல்லை. வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்குள் அடங்கிவிடும். ஆனால் காலவரிசையைப் பார்த்தால் ஹெஸ் முந்திக்கொண்டவர். 1802இல் ஜெனீவாவில் பிறந்து, சிறுவயதிலேயே ரஷ்யாவுக்குப் போய், மருத்துவம் படித்து, பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியரானவர். தன் விதியை 1840இல் வெளியிட்டார். ஆற்றல் அழிவின்மை பற்றிய மேயரின் கட்டுரை வந்தது 1842இல். ஜூலின் அளவீடுகள் 1843 முதல். ஆற்றல் அழிவதில்லை என்று உலகம் ஒப்புக்கொள்ளும் முன்பே, வெறும் அளவீட்டிலிருந்து இவர் இதைக் கண்டுகொண்டார்.

அவர் செய்த சோதனை எளிமையானது. சல்ஃபியூரிக் அமிலத்தை வெவ்வேறு அளவு நீரால் நீர்த்து, ஒவ்வொரு முறையும் அம்மோனியாக் கரைசலால் நடுநிலையாக்கினார். நீர்க்கும்போது வந்த வெப்பம் கூடினால், நடுநிலையாக்கும்போது வருவது குறைந்தது. கூட்டுத்தொகை மாறவில்லை.

மதுரையிலிருந்து கோடைக்கானலுக்கு வத்தலக்குண்டு மலைப்பாதையிலும் போகலாம், பழனி மலைப்பாதையிலும் போகலாம். ஏறிய உயரம் ஒன்றே. பெட்ரோல் செலவு ஒன்றாக இருக்காது. என்தால்பி உயரத்தைப் போல. அதை நிலைச்சார்பு என்கிறோம். வெப்பம் பொதுவாகப் பெட்ரோல் செலவைப் போல, வழியைப் பொறுத்தது. மாறா அழுத்தத்தில், வேறு வேலை எதுவும் நடக்காதபோது மட்டும் வெப்பமும் என்தால்பி மாற்றமும் ஒரே எண் ஆகின்றன. ஹெஸ் திறந்த பாத்திரங்களில் வேலை செய்ததால் அவருக்கு அந்த நிபந்தனை தானாகவே அமைந்தது.

ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுங்கள்.

மீத்தேனையே எடுப்போம். கொடுத்திருப்பவை மூன்று எரிதல் என்தால்பிகள்:

(1) கார்பன் (கிராஃபைட்) + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு, −393.5
(2) ஹைட்ரஜன் + ½ ஆக்சிஜன் → நீர் (திரவம்), −285.8
(3) மீத்தேன் + 2 ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு + 2 நீர் (திரவம்), −890.3

இந்த மூன்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. முதலில் அவற்றை மறைத்துவிட்டு, வேண்டிய சமன்பாட்டை எழுதுங்கள்:

கார்பன் (கிராஃபைட்) + 2 ஹைட்ரஜன் → மீத்தேன் (வாயு)

இது எழுதப்பட்ட பிறகு யோசிக்க அதிகம் இல்லை. கார்பன் இடப்பக்கம் ஒன்று வேண்டும்; (1)இல் அப்படியே இருக்கிறது, தொட வேண்டாம். ஹைட்ரஜன் இரண்டு வேண்டும். (2)ஐ இரண்டால் பெருக்கு, −571.6. மீத்தேன் வலப்பக்கம் வேண்டும், ஆனால் (3)இல் இடப்பக்கம் நிற்கிறது. திருப்பிப் போடு, குறி மாறி +890.3.

கூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. நமக்கு வேண்டிய சமன்பாட்டில் ஆக்சிஜன் கிடையாது. (1)இலிருந்து ஒன்று, இரண்டு மடங்கான (2)இலிருந்து ஒன்று. ஆக இடப்பக்கம் இரண்டு. திருப்பிய (3)இல் வலப்பக்கம் இரண்டு. அடிபட்டது. கார்பன் டைஆக்சைடு ஒன்றுக்கு ஒன்று, நீர் இரண்டுக்கு இரண்டு. எல்லாம் அடிபட்டு வேண்டியது மட்டும் மிஞ்சுகிறது.

−393.5 − 571.6 + 890.3 = −74.8 கி.ஜூ./மோல்.

நான் விடைத்தாள் திருத்தும்போது முதலில் பார்ப்பது இந்த ஆக்சிஜனைத்தான். அது அடிபடாமல் நின்றால், கீழே உள்ள எண்ணைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

‘விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்’ என்ற சூத்திரம் போதாதா? சமன்பாடு எழுதித்தான் ஆக வேண்டுமா?

சூத்திரம் சரியானதுதான். ஹெஸ் விதியின் சுருக்கம்தான் அது. சிக்கல் என்னவென்றால், இரண்டு சூத்திரங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகின்றன. உருவாதல் என்தால்பிகள் கொடுத்திருந்தால் விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள். எரிதல் என்தால்பிகள் கொடுத்திருந்தால் வினைபடுபொருள் கழித்தல் விளைபொருள்.

காரணம் தெரிந்தால் குழப்பம் வராது. உருவாதல் வினையில் அந்தச் சேர்மம் அம்புக்குறியின் வலப்பக்கம், முடிவில் நிற்கிறது. எரிதல் வினையில் அதே சேர்மம் இடப்பக்கம், தொடக்கத்தில் நிற்கிறது. இடம் மாறியதால் குறியும் மாறுகிறது. தேர்வு அறையின் பதற்றத்தில் எந்தச் சூத்திரம் எதற்கு என்று தடுமாறுபவர்கள், சமன்பாடுகளை எழுதிக் கூட்டுவதே நல்லது. இரண்டு நிமிடம் அதிகமாகும், மதிப்பெண் போகாது.

எத்தனால் கணக்கில் மட்டும் விடை வருவதே இல்லை.

பெரும்பாலும் ஆக்சிஜன் எண்ணிக்கைதான். எத்தனாலுக்குள்ளேயே ஓர் ஆக்சிஜன் அணு இருப்பதை மறந்து, எரிய 3½ மோல் ஆக்சிஜன் என்று எழுதிவிடுகிறார்கள். 3 மோல் போதும். எரிதல் என்தால்பி −1366.8 என்றால், 2 × (−393.5) + 3 × (−285.8) + 1366.8 = −277.6. உருவாதல் சமன்பாட்டிலும் இடப்பக்கம் ½ ஆக்சிஜன் மிஞ்சும். அது இங்கே மிஞ்சத்தான் வேண்டும், அடித்துவிடாதீர்கள்.

நீர் திரவமா ஆவியா என்று எழுதாவிட்டால் என்ன ஆகிவிடும்?

மேலே செய்த மீத்தேன் கணக்கிலேயே பார்த்துவிடலாம். திரவ நீருக்கு −285.8, நீராவிக்கு −241.8. மோலுக்கு 44.0 வித்தியாசம், ஆவியாதலுக்கு உரியது. எரிதல் மதிப்பைத் திரவ நீருக்கு உரிய −890.3 என்று வைத்துக்கொண்டு, உருவாதல் மதிப்பை மட்டும் நீராவிக்கு எடுத்துவிட்டால்:

−393.5 − 483.6 + 890.3 = +13.2

குறியே மாறிவிட்டது! வெப்ப உமிழ்வினை வெப்பங்கொள்வினை ஆகிவிட்டது. இந்த ஒரு விடையைப் பார்த்த பிறகு வகுப்பில் யாரும் பௌதிக நிலையை எழுதாமல் விடுவதில்லை.

திட்ட எரிதல் என்தால்பி என்று சொன்னால் 298 கெல்வினில் நீர் திரவமாகக் கணக்கிடப்படுகிறது. வீட்டு கேஸ் அடுப்பில் நீர் ஆவியாகவே பறந்துவிடுகிறது. ஆகவே அந்த 44 கி.ஜூ. சமையலுக்கு உதவுவதில்லை. எரிபொருள்களுக்கு உயர் கலோரி மதிப்பு, தாழ் கலோரி மதிப்பு என்று இரண்டு எண்கள் கொடுப்பது இதனால்தான்.

விடை நேர்க்குறியில் வந்தால் தப்பா?

தப்பு என்று தானாகவே கழித்தல் குறி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வேண்டாம். அசிட்டிலீனுக்குப் போட்டுப் பாருங்கள்: எரிதல் −1299.6, 2 × (−393.5) − 285.8 + 1299.6 = +226.8. சரியான விடை.

நேர்க்குறி என்றால் தனிமங்களைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கீழே விழ வழி இருக்கிறது. ஆனால் வேகம் இல்லாததால் விழாமல் இருக்கிறது. அழுத்தினால் அசிட்டிலீன் ஆக்சிஜன் இல்லாமலேயே சிதைந்து வெடிக்கக்கூடியது. அதனால்தான் வெல்டிங் பட்டறையில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வெறும் வாயுவை அடைப்பதில்லை. நுண்துளைகள் நிறைந்த பொருளில் அசிட்டோனை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனும் இதே வகை, +50.6.

பென்சீனுக்கு என் நண்பனுக்கு +49.2, எனக்கு +16. எரிதல் மதிப்பில் இருவருக்கும் ஒரு விழுக்காடுதான் வித்தியாசம். இது எப்படி?

ஹெஸ் விதியைப் பற்றி வகுப்பில் யாரும் எச்சரிக்காத இடம் இது. பென்சீனின் எரிதல் என்தால்பி −3267.6. ஆறு கார்பன் டைஆக்சைடும் மூன்று நீரும் சேர்ந்து −3218.4. இரண்டு மலைகளின் உயரத்தை அளந்து கழித்து, நடுவில் உள்ள மேட்டின் உயரம் 49.2 என்கிறோம். 3267இல் ஒரு விழுக்காடு 33. அது நேராக 49இல் போய் விழுகிறது. எரித்து அளப்பதில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் நல்ல சோதனை என்று பெயர். கிடைத்த உருவாதல் மதிப்பிலோ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எரிதல் வழியில் போகிறவர்கள் பதினாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குத் துல்லியம் தேடுவது ஆடம்பரத்துக்காக அல்ல.

இன்னொன்று. பாம் கலோரிமானி என்பது மூடிய கலத்துக்குள் பொருளை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி. அதில் கனஅளவு மாறாது. அங்கே அளப்பது அக ஆற்றல் மாற்றம், என்தால்பி அல்ல. பென்சீன் எரியும்போது 7½ மோல் வாயு போய் 6 மோல் வாயு வருகிறது. வித்தியாசம் −1.5 மோல். மோலுக்கு 2.48 கி.ஜூ. (298 கெல்வினில் RT) வீதம் −3.7. கருவி காட்டுவது −3263.9, இந்தத் திருத்தம் சேர்த்தால் −3267.6. மூவாயிரத்தில் 3.7 அற்பம், 49இல் அற்பம் இல்லை.

எரியாத பொருளுக்கு என்ன செய்வது? மெக்னீசியம் ஆக்சைடை எரிக்க முடியாதே.

அமிலத்தில் கரைக்கலாம். கல்லூரி ஆய்வகங்களில் செய்யும் சோதனை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு தெர்மோகோல் கப், ஒரு வெப்பமானி, ஒரு தராசு இருந்தால் போதும்.

(அ) மெக்னீசியம் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → மெக்னீசியம் குளோரைடு (கரைசல்) + ஹைட்ரஜன்
(ஆ) மெக்னீசியம் ஆக்சைடு + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → மெக்னீசியம் குளோரைடு (கரைசல்) + நீர்
(இ) ஹைட்ரஜன் + ½ ஆக்சிஜன் → நீர், −285.8

(அ)வுடன் (இ)ஐக் கூட்டி, (ஆ)வைத் திருப்பிப் போட்டால் மெக்னீசியம் + ½ ஆக்சிஜன் → மெக்னீசியம் ஆக்சைடு. அமிலமும் குளோரைடும் நீரும் ஹைட்ரஜனும் எல்லாமே அடிபட்டுவிடும்.

100 மி.லி. அமிலம், லிட்டருக்கு 1 மோல் செறிவு. மெக்னீசியம் நாடாவை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து 0.25 கிராம் எடுக்கிறோம். போட்டதும் வெப்பநிலை 11.2 டிகிரி ஏறியது என்று வையுங்கள். 100.25 கிராம் × 4.18 (நீரின் தன்வெப்பம்) × 11.2 = 4693 ஜூல். மெக்னீசியம் 0.01028 மோல், ஆகவே மோலுக்கு சுமார் −456 கி.ஜூ. அடுத்து, புதுக் கப்பில் அதே அளவு அமிலம், 1.00 கிராம் ஆக்சைடு. ஏற்றம் 8.4 டிகிரி. 101 × 4.18 × 8.4 = 3546 ஜூல்; 0.0248 மோலுக்கு, மோலுக்கு −143.

−456 − 286 + 143 = −599. ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு −601.6.

தெர்மோகோல் கப்பில் இவ்வளவு நெருக்கமா என்று வியக்க வேண்டாம். உண்மையில் இரண்டு வினைகளுமே குறைவாகத்தான் காட்டியிருக்கின்றன. (அ) −467 வந்திருக்க வேண்டும், (ஆ) −151. கப் வழியாக வெப்பம் கசிந்தது இரண்டிலும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் கழிப்பதால் பிழையில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிட்டது. திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி.

இதே சோதனையில் சில குழுக்களுக்கு விடை எண்ணளவில் 620க்கு மேல் போகும். அப்போது நான் கேட்பது ஒரே கேள்வி: ஆக்சைடைப் போட்டதும் நுரைத்ததா? நுரைத்திருந்தால் புட்டி பழையது. திறந்து கிடந்த மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்து, கொஞ்சம் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறியிருக்கும். தூய ஆக்சைடுக்கு அமிலத்தில் நுரைக்கக் காரணமே இல்லை. அந்தக் கலப்பு கிராமுக்குக் குறைந்த வெப்பம்தான் தரும். ஏற்றம் 8.4க்குப் பதில் 7.0 என்றால் (ஆ) −119, விடை −623. ஆகவே விடை எந்தப் பக்கம் விலகுகிறது என்பதிலேயே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்: நாடாவிலிருந்து வந்த வெப்பம் கசிந்தால் −601.6ஐவிட எண்ணளவு சிறியது, ஆக்சைடு கெட்டிருந்தால் பெரியது. ஆக்சைடை உலையில் நன்றாகச் சூடாக்கி, உலர்த்தியில் ஆறவிட்டு எடுத்தால் தீர்ந்தது.

போர்ன்–ஹேபர் சுற்றும் ஹெஸ் விதியும் ஒன்றா?

ஒன்றே. 1919இல் வந்தது. அயனிப் படிகம் உருவாவதைப் படிகளாகப் பிரிக்கும் சுற்று அது. வழியில் நிற்கும் ஊர்கள் மட்டும் வேறு: அணுக்கள், அயனிகள். சோடியம் குளோரைடுக்கு: சோடியம் பதங்கமாக +108.4, அயனியாக +496.0, குளோரின் அரை மோல் பிரிய +121.0, குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்க −348.6, படிகக்கூடு அமைய −788.0. கூட்டினால் −411.2.

நடைமுறையில் இதைத் தலைகீழாகவே பயன்படுத்துவோம். உருவாதல் என்தால்பியை அளக்க முடியும். வாயு அயனிகளைச் சேர்த்துப் படிகமாக்கி அளக்க முடியாது. தெரிந்த −411.2ஐ வைத்துத் தெரியாத −788ஐக் காண்கிறோம். வழக்கமான தவறு: குளோரின் பிணைப்பு ஆற்றல் 242 முழுவதையும் போட்டுவிடுவது. மெக்னீசியம் குளோரைடுக்கு முழுதும் வேண்டும், எலக்ட்ரான் நாட்டம் இரு முறை வேண்டும், இரண்டாம் அயனியாக்கும் ஆற்றலும் வேண்டும்.

பிணைப்பு ஆற்றல்களை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டால் என்ன?

தோராயத்துக்குச் சரி. அவை பல சேர்மங்களின் சராசரி. வாயு நிலைக்கு மட்டுமே பொருந்தும். சில நேரம் அந்தத் தோராயம் தோற்பதுதான் பயன். ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள வளையஹெக்சீன் ஒரு மோல் ஹைட்ரஜனை ஏற்க −120. பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு என்றால் −360 வர வேண்டும். வருவது −208. அந்த 152 கி.ஜூ. அளவுக்கு பென்சீன் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து, நிலைத்து நிற்கிறது. உடனிசைவு ஆற்றல் என்று புத்தகத்தில் வரும் எண் ஹெஸ் விதி போட்ட கழித்தல் கணக்குதான்.

இலங்கைப் புத்தகத்தில் படிக்கிறேன். சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

பொருள் ஒன்றே. என்தால்பிக்கு அங்கே வெப்பவுள்ளுறை, உருவாதலுக்குத் தோன்றல், எரிதலுக்குத் தகனம், திட்ட என்பதற்கு நியம, படிகக்கூடு ஆற்றலுக்குச் சாலகச் சக்தி. காபன், ஐதரசன், ஒட்சிசன் எவை என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பவுள்ளுறை என்ற சொல் எனக்குப் பிடிக்கும். உள்ளே உறைவது என்று அதிலேயே சொல்லிவிடுகிறது.

புத்தகத்தில் பென்சீனுக்கு 48.5, எனக்கு 49.2. மதிப்பெண் போய்விடுமா?

போகாது, கேள்வியில் கொடுத்த எண்களை நீங்கள் போட்டிருந்தால். எரிதல் −3267.0, நீர் −285.83 என்று கொடுத்திருந்தால் 48.5 வரும், −3267.6, −285.8 என்றால் 49.2. நினைவிலிருக்கும் எண்ணையும் கொடுத்த எண்ணையும் கலந்து போட்டால்தான் எங்கும் இல்லாத விடை வரும். தசம இலக்கங்களை இடையில் முழுமையாக்காமல், கடைசி வரியில் மட்டும் ஓர் இலக்கத்துக்குச் சுருக்குங்கள். கி.ஜூ./மோல் என்று எழுத மறந்தால் அரை மதிப்பெண் போகலாம். அது வேறு விஷயம்.